தேத்தண்ணியில் என்ன கலந்திருக்கு? த்ரில்லர் படங்களும் சந்தேக நோயும்

2024 மார்ச் 2, மாலை. வாசகர் ஒருவர் கேட்டது

"எங்கள் ஊர்ச் சனத்துக்கு மனநோய் பற்றிக் கொஞ்சமாவது தெரியும் என்றால் அதற்குக் காரணம் த்ரில்லர் படங்கள்தான். முந்தி எல்லாவற்றுக்கும் பேய், செய்வினை, நூல் கட்டு. இப்போது ஒழுங்கையில் நிற்கிற பெடியனுக்கும் ஸ்பிளிட் பெர்சனாலிட்டி என்றால் என்னவென்று தெரியும். படங்கள் செய்த இந்த நன்மையை ஏன் ஒருவரும் சொல்வதில்லை?"

மார்ச் 2, இரவு

நான் இதை ஏற்கவில்லை. சொல் தெரிந்திருக்கிறது, நோய் தெரியவில்லை.

த்ரில்லர் படத்தில் ஒருவனுக்குச் சந்தேகம் வந்தால் அதற்கு இரண்டே முடிவுதான். ஒன்று, அவன் சந்தேகப்பட்டதெல்லாம் கடைசியில் சரியாகிவிடும். எல்லாரும் விசரன் என்று சொன்னவனை நாங்கள் கைதட்டி அனுப்பிவைப்போம். மற்றது, அவன்தான் கொலைகாரன். இதற்கு நடுவில் ஒன்றுமில்லை.

நான் 27 வருஷமாக ஒரு சந்தேகக்காரரோடு ஒரே வளவில் இருக்கிறேன். அவர் சொன்னவற்றில் பெரும்பாலானவை நடக்கவில்லை. அவர் ஒரு கோழியைக்கூடக் கல்லால் எறிந்ததில்லை. இப்படி ஒருவரை நான் எந்தப் படத்திலும் கண்டதில்லை.

அவருக்கு இருப்பது மனச்சிதைவு, இங்கிலீஷில் ஸ்கிசோஃப்ரினியா. இல்லாத குரல் கேட்கும், அசைக்க முடியாத சந்தேகம் வரும். இந்த நோய் உலகில் ஏறக்குறைய 300 பேருக்கு ஒருவருக்கு இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. யாழ்ப்பாண மாவட்டத்தில் கிட்டத்தட்ட ஆறு லட்சம் சனம். அதே கணக்கைப் போட்டால் இங்கே இரண்டாயிரம் பேர். அந்த இரண்டாயிரம் பேரும் கத்தியோடா திரிகிறார்கள்? இவர்கள் மற்றவர்களை அடிப்பதை விட மற்றவர்களிடம் அடி வாங்குவதுதான் அதிகம் என்பது மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம். அடி வாங்குகிறவனை வைத்து எவன் த்ரில்லர் எடுக்கிறான்?

மார்ச் 3, காலை

படுத்த பிறகு இன்னொன்று ஞாபகம் வந்தது. படங்களில் நோய் குணமாகிற வேகம். சந்திரமுகியில் கங்காவுக்கு ஒரே இரவு போதும். எதிரியின் உருவத்தில் ஒரு பொம்மையை எரித்ததும் விடிய எல்லாம் சரி. எங்கள் வீட்டில் முதல் மருந்து வேலை செய்கிறதா இல்லையா என்று தெரியவே ஆறு கிழமை எடுத்தது. அது சரிவராமல் அடுத்தது. அதற்குக் கை நடுங்கியது, நடுக்கத்துக்கு இன்னொரு குளிசை.

மார்ச் 4

மூடுபனியை ஏன் விட்டுவிட்டாய் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். விடவில்லை, தள்ளிப்போட்டேன். அதைத் தொட்டால் சின்னையாவை, நான் மேலே சொன்ன அந்தச் சந்தேகக்காரச் சித்தப்பாவை, தொட வேண்டும்.

மூடுபனி 1980 இல் வந்தது. எடுத்தவர் பாலு மகேந்திரா, மட்டக்களப்பு அமிர்தகழிக்காரர், எங்களவர். இளையராஜாவுக்கு அது நூறாவது படம். நான் பார்த்தது 1986 சிவராத்திரிக்கு, எனக்குப் பன்னிரண்டு வயது. அப்போதெல்லாம் சிவராத்திரி விழிப்பு என்றால் யாராவது ஒருவர் வீட்டு முற்றத்தில் ரீவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து விடிய விடிய மூன்று நான்கு படம் போடுவார்கள். கைக்குழந்தைகள் பாயில் நித்திரை, கிழவிகள் முன்வரிசை. இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ மூடுபனி ஓடியது.

கொலைகாரனாக நடித்த பிரதாப் போத்தனின் முகம் எனக்குப் பெரிய பயமாக இருந்தது. சத்தம் போடாத, மெல்லிய, களைத்துப்போன முகம். பக்கத்தில் இருந்த சின்னையா என் கையைப் பிடித்துக்கொண்டு "பயப்பிடாதை, உவன் நடிக்கிறான்" என்றார். நான் நித்திரையானதும் தோளில் தூக்கி வீட்டுக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான்.

அவருக்கு அப்போது 28. சங்கக் கடையில் கணக்கு எழுதினார். படம் என்றால் உயிர். ராஜா, ராணி, வின்சர், மனோகரா, லிடோ, ரீகல் என்று சைக்கிளில் போய்ப் பார்ப்பார். பார்த்த படங்களை ஒரு சி. ஆர். கொப்பியில் இலக்கம் போட்டு எழுதி வைப்பார்: படத்தின் பெயர், தியேட்டர், திகதி, ரிக்கெற் விலை, தன் கருத்து ஒரு வரி. மூடுபனிக்கு அவர் எழுதிய வரி எனக்குப் பாடம்: "வெளிச்சம் பிரமாதம். அந்தப் பெடியனில் பாவமாக் கிடக்கு."

கொலைகாரனைப் பார்த்துப் பாவமாக இருக்கிறது என்று எழுதிய மனிசன். இந்தப் படத்தில் மட்டும் நான் மேலே சொன்ன குறை பாதிதான் பொருந்தும். அவன் கொலைகாரன்தான், ஆனால் சிறுவயதில் அவன் வீட்டில் என்ன நடந்தது என்பதையும் பாலு மகேந்திரா காட்டுகிறார். அதே நேரம், சின்ன வயதில் அடிபட்ட வீட்டிலிருந்து வருகிறவன் கொலைக்குப் போவான் என்ற கணக்கையும் அந்தப் படம் எங்கள் தலைக்குள் போட்டுவிட்டது. இரண்டையும் சொல்லத்தான் வேண்டும்.

மார்ச் 5

சரி, சின்னையா.

1988 இல் ஒரு சுற்றிவளைப்பு. ஊர் ஆம்பிளைகள் எல்லாரையும் கோயில் வீதியில் இருத்தி, ஒவ்வொருவராக ஒரு வாகனத்துக்கு முன்னால் நடக்க விட்டார்கள். வாகனத்துக்குள் தலையாட்டி. இளைய வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: சாக்கால் தலையை மூடி, கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை விட்டு இருத்தி வைக்கப்பட்ட ஆள். அவன் தலை அசைந்தால் நீ வேறு வரிசை. சின்னையாவுக்குத் தலை அசைந்தது. பதினொரு நாள் கழித்து வீட்டுக்கு வந்தார். அந்தப் பதினொரு நாளைப் பற்றி இன்றுவரை வாய் திறக்கவில்லை.

பிறகு வேலைக்குப் போனார், படம் பார்த்தார், சிரித்தார். 95 இடப்பெயர்வில் எங்களோடு கொடிகாமம் வரை நடந்தார். ஊருக்குத் திரும்பி வந்து, 97 இல்தான் தொடங்கியது. கூரையில் ஆரோ நடக்கினம். சந்தியில் சைக்கிளோடு நிற்கிறவன் தன்னைக் குறிப்பெடுக்கிறான். பிறகு கொப்பி. படப் பெயர்களுக்குள் தான் எழுதாத சேதி இருக்கிறது, யாரோ தன் கையெழுத்தில் எழுதியிருக்கிறார்கள் என்று கிணற்றடியில் வைத்து எரித்தார். நானூற்றுச் சொச்சம் படங்கள். பிறகு சாப்பாடு. தேத்தண்ணியில் என்னவோ கலந்திருக்கு.

அவரைப் பார்த்துக்கொண்டது மாமி, அவருடைய அக்கா. கலியாணம் கட்டவில்லை. தேத்தண்ணி போட்டு வந்து, அவருக்கு முன்னால் நின்று, முதல் மிடறைத் தான் குடித்துவிட்டு "இந்தா தம்பி" என்று நீட்டுவா. ஒரு நாளைக்கு மூன்று தரம், வருஷக்கணக்காக. சீனி போடாத தேத்தண்ணிதான் மாமிக்குப் பிடிக்கும். ஆனாலும் அவரின் இரண்டு கரண்டிச் சீனித் தேத்தண்ணியை அந்த ஒரு மிடறு குடித்தா.

எங்கள் வீட்டில் இன்னொரு பழக்கமும் உண்டு. நாங்கள் ஒருவரும் தலையை ஆட்டுவதில்லை. சின்னையா கதைத்துக்கொண்டிருக்கும்போது யாராவது "ஓம்" என்பதற்குத் தலையை அசைத்தால் அவர் கதையை நிறுத்திவிடுவார், முகம் வெளுத்துவிடும். அதனால் எல்லாரும் வாயால் "ஓம்" சொல்லப் பழகினோம். என் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். ரீச்சர் ஒருவர், உங்கள் பிள்ளைகள் ஏன் கழுத்து நோகிறவர்கள் மாதிரி நேரே நின்று ஓம் ஓம் என்கிறார்கள் என்று கேட்டார்.

ஒரு தலையசைப்பு. பயத்தைக் காட்ட இருட்டும் கத்தியும் தேடுகிற இயக்குநர்கள் இதை ஒருதரம் எடுத்துப் பார்க்கட்டும்.

மார்ச் 5, பின்னேரம்

"அப்படியென்றால் அது போரால் வந்த மனவடு, மனச்சிதைவு இல்லையே" என்று எழுதியவருக்கு. மருத்துவர்கள் இரண்டையும் யோசித்தார்கள். பதினொரு நாள் மட்டும் என்றால் கெட்ட கனவு, திடுக்கிடல், அந்த வீதியால் போக மறுப்பது, இவைதான் முன்னுக்கு நின்றிருக்கும். இவருக்குக் குரல் கேட்டது, கொப்பியில் சேதி தெரிந்தது, யாரும் அவரை அசைக்க முடியாத உறுதி இருந்தது. போர் இல்லாதிருந்தாலும் வந்திருக்குமா? அப்படிக் கேட்டபோது மருத்துவர் சொன்னது, வருத்தம் எங்கிருந்தும் வரலாம், அதற்கு உடுப்புப் போட்டுவிடுவது ஊர்தான் என்று. வேறு நாட்டில் ஒருவருக்கு ரீவிக்காரன் கதைப்பான், இவருக்குத் தலையாட்டி.

பேராசிரியர் தயா சோமசுந்தரம் யாழ்ப்பாணத்தில் இருந்து இதையெல்லாம் பார்த்து, போர் எங்கள் சனத்தின் மனதில் விட்ட வடுவைப் பற்றி 1998 இல் ஒரு முழு நூலே கொண்டுவந்தார். திரைக்கதை எழுத ஆசைப்படுகிற எங்கள் பெடியள் கொரியப் படம் பார்க்கிற நேரத்தில் பாதியை அதற்குக் கொடுக்கலாம்.

மார்ச் 7

காஸ்லைட் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1944 இல் வந்த படம். இங்கிரிட் பெர்க்மனுக்கு ஒஸ்கார் வாங்கிக் கொடுத்தது. கதை தெரியாதவர்களுக்கு: புருஷன் பெண்சாதியை விசராக்கப் பார்க்கிறான். பொருளை ஒளித்து வைத்து நீதான் தொலைத்தாய் என்கிறான். இரவில் களவாக மேல்மாடத்துக்குப் போய், கொலையுண்ட பெண்ணின் நகைகளைத் தேடுகிறான். அங்கே அவன் விளக்கை ஏற்றும்போது கீழே இவளின் அறையில் காஸ் விளக்கு மங்குகிறது. அவள் கேட்டால், மங்கவில்லை, உனக்குத்தான் அப்படித் தெரிகிறது. இன்று ஆளுக்கு ஆள் காஸ்லைற்றிங் என்று சொல்கிற சொல் அந்த விளக்கில் இருந்துதான் வந்தது.

எனக்கு அதில் பிடித்த இடம், பொலிஸ்காரர் அவளின் அறைக்கு வந்து நிற்கும்போது விளக்கு மங்குவது. அவரும் பார்க்கிறார். பார்த்தேன் என்று சொல்கிறார். அவ்வளவுதான். அவளின் முகத்தைப் பாருங்கள். தான் விசரில்லை என்று தெரிய அவளுக்கு வேறொன்றும் தேவைப்படவில்லை, இன்னொரு சோடிக் கண் போதும்.

எங்கள் வீட்டிலும் லைற் மங்கியது. 2000 க்குப் பிறகு ஒரு காலம், பக்கத்து வீட்டில் தண்ணி மோட்டர் போட்டால் எங்கள் குண்டு பல்ப் ஒரு கணம் மங்கி எரியும். சின்னையா உடனே எழும்பி, "கண்டியே, மேலை ஆரோ நிக்கினம்" என்பார். முதலில் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "லைற் மங்கேல்லைச் சின்னையா." ஆளைச் சமாதானப்படுத்துகிறேன் என்று நினைத்து, மங்கின லைற்றை மங்கவில்லை என்றேன். அந்தப் புருஷன் சொன்ன அதே வசனம்.

மாமிதான் திருத்தினா. "மங்கினது உண்மை தம்பி. நானும் கண்டனான். பக்கத்து வீட்டு மோட்டர் எண்டு நான் நினைக்கிறன்." அவர் நம்பவில்லை. ஆனால் திரும்பி இருந்தார்.

மார்ச் 8, சிவராத்திரி, இரவு இரண்டு மணி

வீட்டில் எல்லாரும் முழிப்பு. முன்னறையில் பிள்ளைகள் ஏதோ படம் ஓடவிட்டிருக்கிறார்கள். நான் விறாந்தையில் இருந்து இதை எழுதுகிறேன். 5ஆம் திகதிக் குறிப்பில் ஒரு விஷயத்தை மறைத்துவிட்டேன். அதை எழுதாமல் இந்த இழையில் மேற்கொண்டு எழுதினால் பொய்.

மாமி முதல் மிடறு குடிக்கத் தொடங்கியது சின்னையாவின் சந்தேகத்தால் மட்டும் இல்லை.

1998. அவர் குளிசை எடுக்க மாட்டேன் என்று நின்றார். சந்நிதிக்குக் கொண்டுபோனோம், சாத்திரம் பார்த்தோம், கெஞ்சினோம். கடைசியில் நான் சொன்னேன், அரைத்துத் தேத்தண்ணியில் போடுவோம் என்று. மாமி வேண்டாம் என்றா. நான் விடவில்லை. எனக்கு 24 வயது, எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. இரண்டு கரண்டிகளுக்கு நடுவில் வைத்து நானே நசுக்கினேன். ஒன்பது நாள் ஓடியது. பத்தாம் நாள் சரியாகக் கரையவில்லை. அவர் குடித்து முடித்து, கிளாசை யன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்து, மெல்லத் திருப்பிப் பார்த்தார். அடியில் வெள்ளைத் தூள், ஒரு நக அளவு.

கத்தவில்லை, எறியவில்லை. கிளாசை வாங்கில் வைத்துவிட்டுச் சொன்னார்: "அப்ப நான் சொன்னது சரி."

சரிதானே. தேத்தண்ணியில் கலந்திருக்கிறார்கள் என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார், நாங்கள் இல்லை இல்லை என்றோம். பிறகு நாங்களே கலந்தோம். அவருடைய நோய்க்கு நான் சாட்சி தேடிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு நாலு கிழமை வீட்டில் சமைத்த எதையும் தொடவில்லை. தோலோடும் கோதோடும் இருக்கிறதை மட்டும் சாப்பிட்டார். வாழைப்பழம், தன் கையால் வெட்டிய இளநீர், தானே அவித்த முட்டை. பத்துக் கிலோ இறங்கியிருப்பார்.

அப்போதுதான் மாமி முதல் மிடறு குடிக்கத் தொடங்கினா. நான் செய்ததற்கு அவ குடித்தா.

மார்ச் 9

நேற்றைய குறிப்புக்கு வந்த அத்தனை பதிலையும் வாசித்தேன். நன்றி. சிலர் திட்டியிருக்கிறீர்கள், அதுவும் சரி.

ஒரு திருத்தம்: காஸ்லைட் முதலில் 1938 இல் பட்ரிக் ஹமில்டன் எழுதிய மேடை நாடகம். 1940 இல் பிரித்தானியாவிலும் ஒருமுறை படமாகியிருக்கிறது. நான் சொன்னது அமெரிக்கப் படம்.

எ பியூட்டிஃபுல் மைண்ட் ஆவது சரியான படம்தானே என்று இரண்டு பேர். 2001 இல் வந்தது, ஜோன் நாஷின் கதை. 1994 இல் பொருளியலுக்கு நோபல் வாங்கியவர். படத்தில் இல்லாத ஆட்கள் அவருக்குக் கண்ணால் தெரிகிறார்கள், அறை நண்பன், சின்னப் பெட்டை, கறுப்புத் தொப்பிக்காரன். உண்மையான நாஷுக்குக் குரல்கள்தான் கேட்டன. இந்த நோயில் காதால் வருவதுதான் அதிகம். ஆனால் திரைக்குக் கண் வேண்டும். அதனால் சனம் என்ன நினைக்கிறது? சின்னையாவிடம் வருகிறவர்கள் "ஆரும் தெரியினமோ?" என்று கேட்பார்கள். அவருக்கு ஒருவரும் தெரிவதில்லை. கூரைக்கு மேல் செருப்புச் சத்தம் மட்டும்.

அந்தப் படத்தில் இன்னொரு பொய்யும் உண்டு. நோபல் காலத்தில் தான் புது மருந்து எடுப்பதாக நாஷ் சொல்வார். உண்மையில் அவர் 1970 க்குப் பிறகு மருந்தே எடுக்கவில்லை. இந்தப் பொய்யை நான் மன்னிக்கிறேன். சின்னையா இரண்டு தரம் மருந்தை விட்டார். இரண்டு தரமும் மூன்றாம் மாதம் திரும்ப வந்தது. நாஷ் விட்டும் சுகமானார் என்று தெரிந்திருந்தால் நாங்கள் எங்களுக்கு வசதியாக அதைப் பிடித்துக்கொண்டிருப்போம். உண்மையைக் காட்டு என்று மேலே சத்தம் போட்ட நான்தான் இதைச் சொல்கிறேன். என்னால் இரண்டையும் ஒத்துப்போக வைக்க முடியவில்லை.

மார்ச் 11

முதல் கேள்வி கேட்டவருக்கு நான் ஒன்று விட்டுக்கொடுக்க வேண்டும்.

2005 ஏப்ரலில் சந்திரமுகி வந்தது. ஊரே பார்த்தது. அதற்கு முன் எங்கள் வேலிக்கு அந்தப் பக்கத்துக் கிழவி மாமியிடம் எப்போதும் சொல்வது, "உது செய்வினை பிள்ளை, வெட்டு." சந்திரமுகி பார்த்துவிட்டு வந்து அதே கிழவி, "உனக்கு அப்பவே சொல்லியிருக்க வேணும் பிள்ளை, உது பேயில்லை, மண்டைக்குள்ளை வாற வருத்தம்" என்றா. மாமி அன்று அழுதா. எட்டு வருஷத்தில் முதல் தடவையாக வெளியாள் ஒருவர் அதை வருத்தம் என்று சொல்லியிருக்கிறார். அப்படிச் சொல்லக் கற்றுக்கொடுத்தது ரஜினி. ஆகவே, 2ஆம் திகதி நான் எழுதிய முதல் வசனத்தைப் பாதி திரும்ப எடுக்கிறேன்.

மற்றப் பாதி நிற்கும். அதே வருஷம் ஜூனில் அந்நியன். ஒழுங்கைப் பெடியள் சின்னையாவைக் கண்டால் "அம்பி! ரெமோ! அந்நியன்!" என்று கத்திவிட்டு ஓடுவார்கள். அது பல்லாளுமை, அதாவது ஸ்பிளிட் பெர்சனாலிட்டி. இது மனச்சிதைவு. ஒன்றுக்கொன்று தொடர்பில்லை. இந்தக் குழப்பம் சொல்லிலேயே இருக்கிறது: 1908 இல் சுவிஸ் மருத்துவர் ஒய்கன் ப்ளாய்லர் இந்த நோய்க்குப் பெயர் வைத்தபோது பிளவு, மனம் என்ற இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டினார். யோசனையும் உணர்ச்சியும் ஒன்றைவிட்டு ஒன்று கழன்று போவதைத்தான் அவர் சொன்னார். சினிமா அதை ஒரு உடம்புக்குள் இரண்டு ஆள் என்று எடுத்துக்கொண்டது. இரண்டு ஆள் என்றால் நடிகருக்கு நல்ல வேலை.

தங்கச்சிக்கு வந்த சம்பந்தம் ஒன்று அந்த வருஷம்தான் முறிந்தது. பெடியன் பகுதி கேட்ட கேள்வி, "உங்கட சித்தப்பா இரவிலை ஆளை மாறுவாரோ?"

மார்ச் 12

கிறீஸ் பூதத்தை மறந்துவிட்டீர்களா என்று நாவாந்துறையில் இருந்து ஒரு செய்தி. மறக்கவில்லை. 2011 ஆகஸ்ட். உடம்பெல்லாம் கிறீஸ் பூசிக்கொண்டு இரவில் பெண்களைத் தாக்க வருகிறான் என்று வடக்கு, கிழக்கு, மலையகம் எல்லாம் பயம். பொல்லோடு காவல், தகரத்தில் அடிப்பு, நாவாந்துறையில் பெரிய கொந்தளிப்பு. அந்தக் கிழமைகளில் யாழ்ப்பாணம் முழுக்கச் சின்னையாவாக இருந்தது. கூரையில் சத்தம், சந்தியில் தெரியாத ஆள், யாரையும் நம்பாதே.

சின்னையா மட்டும் அமைதி. இரவு பதினொரு மணிக்கு நான் பொல்லோடு படலையடியில் நிற்கிறேன், அவர் வந்து பக்கத்தில் இருந்தார். "இப்ப விளங்குதே?" என்றார். குத்தலாகக் கேட்கவில்லை. பல வருஷம் ஒரு நாட்டில் தனியே இருந்தவன், அங்கே வந்து இறங்குகிற ஊராளைக் கண்டால் கேட்பது மாதிரி.

இதனால்தான் எங்கள் ஊரில் சந்தேகத்தைப் படமாக்குவது கஷ்டம் என்கிறேன். 2007 இல் எங்கள் ஒழுங்கையிலேயே ஒரு பெடியனை வான் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே சந்தியில் ஒருவன் நிற்கிறான் என்று சொன்னவர் சின்னையா மட்டும்தான். நாங்கள் குளிசையைக் கூட்டச் சொல்லி மருத்துவரிடம் கேட்டோம். அவர் சந்தேகப்பட்ட நூற்றில் தொண்ணூற்றெட்டு பிழை. மற்ற இரண்டை நாங்கள் என்ன செய்வது? நூறையும் உண்மையாக்குகிற படமும் வேண்டாம், நூறையும் விசராக்குகிற படமும் வேண்டாம்.

மார்ச் 16

தி கான்வர்சேஷன் பார்க்கச் சொன்ன வாசகருக்கு நன்றி. 1974, கொப்போலா. கான் விழாவின் முதல் பரிசு பெற்றது. முந்தி ஒருதரம் அரைகுறையாகப் பார்த்தது. நேற்று மடிக்கணினியில் சின்னையாவோடு முழுதாகப் பார்த்தேன். அவரே கேட்டார், என்ன படம் என்று. கதையை முதலே சொன்னேன், ஒட்டுக்கேட்பதைப் பற்றி, பயப்படுத்தும் என்று. "போடு" என்றார்.

ஜீன் ஹக்மன் மற்றவர்களின் கதையை ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்கிற தொழிலாளி. ஒரு சோடியின் உரையாடலைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார். அதில் ஒரு வசனம்: சந்தர்ப்பம் கிடைத்தால் அவன் எங்களைக் கொன்றுவிடுவான். முதலில் கொல்லுதல் என்ற சொல்லில் அழுத்தம் கேட்கிறது, அவர்கள் பயந்த அப்பாவிகள். கடைசியில் அதே வசனத்தில் எங்களை என்ற சொல்லில் அழுத்தம் கேட்கிறது, அவர்கள்தான் கொலைகாரர். சொல் மாறவில்லை, கேட்கிற காது மாறுகிறது. சந்தேக நோயை இவ்வளவு கிட்ட நின்று காட்டிய வேறு காட்சி எனக்குத் தெரியாது.

முடிவில் தன் வீட்டிலேயே ஒட்டுக்கேட்கிறார்கள் என்று நிலத்துப் பலகை, சுவர்க் கடதாசி எல்லாவற்றையும் பிய்க்கிறார். கருவி கிடைக்கவில்லை. குப்பைக்கு நடுவில் இருந்து சாக்ஸபோன் வாசிக்கிறார். கருவி எங்கே இருந்தது, படம் சொல்லாது. 2ஆம் திகதி நான் இரண்டே முடிவு என்று எழுதியது பிழை. மூன்றாவது ஒன்று 1974 இலேயே இருந்திருக்கிறது.

மாமிக்கு இப்போது 74, கை நடுங்குகிறது. இரண்டு வருஷமாகத் தேத்தண்ணி போடுவது சின்னையா. படம் முடிந்ததும் எழும்பி அடுப்படிக்குப் போனார். மாமியின் கோப்பையில் ஒரு மிடறு குடித்துவிட்டு அவவிடம் நீட்டினார், வழமை போல. பிறகு என்னிடம், "அந்த மனிசன்ரை வீட்டிலை ஒருத்தரும் இல்லையே?" என்றார். இல்லை, தனி ஆள் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஒரு கொப்பி கேட்டார். என் மகளின் கணக்குக் கொப்பியில் பின் ஒற்றை கிழித்துக் கொடுத்தேன். இலக்கம் ஒன்று என்று போட்டு எழுதினார்: "தி கான்வர்சேஷன். வீடு. ரிக்கெற் இல்லை. சத்தம் பிரமாதம்."

மார்ச் 17

தம்பி மருந்து எடுக்கிறான் இல்லை, சோற்றில் கலந்து கொடுக்கலாமா என்று தனியாகக் கேட்டவருக்கு, பெயர் சொல்லாமல் இங்கேயே எழுதுகிறேன். வேறு ஆட்களுக்கும் உதவும்.

வேண்டாம். 8ஆம் திகதிக் குறிப்பைத் திரும்ப வாசியுங்கள். உங்கள் கையால் கொடுக்கிற சாப்பாடு ஒன்றுதான் அவனுக்கு மிச்சம் இருக்கிற நம்பிக்கை, அதைச் செலவழிக்காதீர்கள். குளிசை விழுங்க மாட்டேன் என்கிறவர்களுக்கு மாதம் ஒருதரம் போடுகிற ஊசி இருக்கிறது. சின்னையா 1999 இல் அதற்குச் சம்மதித்தார். சம்மதிக்க வைத்தது, ஊசிக் குப்பியை அவர் கையில் கொடுத்து, உடைப்பதை அவர் கண் முன்னால் செய்த ஒரு தாதி.

அவனோடு வாதாட வேண்டாம். ஓம், ஆள் நிற்கிறான் என்றும் சொல்ல வேண்டாம். எங்களுக்கு மருத்துவர் சொல்லித் தந்தது: "எனக்கு அது கேட்கேல்லை. உனக்குப் பயமாக் கிடக்கெண்டு விளங்குது. நான் இதிலை இருக்கிறன்." இந்த மூன்று வசனமும் போதும். எத்தனை நாளைக்கு அவன் நித்திரை கொள்ளவில்லை என்பதை எழுதி வையுங்கள். முதலில் கேட்பது அதைத்தான். இரவில் ஒருவரும் இல்லை என்றால் 1926 க்கு அழைக்கலாம், இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கம், காசில்லை. நோயாளிக்கு மட்டுமில்லை, பார்த்துக்கொள்கிறவர்களும் எடுக்கலாம்.

வருகிற செவ்வாய் சின்னையாவின் ஊசி நாள். ஆஸ்பத்திரியில் காலை ஏழரைக்குத் துண்டு எடுத்தால் பத்து மணிக்குள் முடிந்துவிடும். தம்பியைக் கூட்டி வரப் பயமாக இருந்தால் முதலில் நீங்கள் மட்டும் வாருங்கள். வாசலுக்கு இடப்பக்கம் வேப்பமரத்துக்குக் கீழே உள்ள வாங்கில் நாங்கள் இருப்போம். வந்து கதைக்கும்போது தலையை மட்டும் ஆட்டாதீர்கள், வாயால் சொல்லுங்கள்.